கப்பல் ஓடாத ஞாயிறு

ரிஹோவிடம் கொடுத்த தாள் நான்கு பக்கம்.
ஆறு மணிப் பால், ஒன்பது மணிக் கூழ்,
முயல் பொம்மையின் இடது காது
(வலது காதைக் கொடுத்தால் அழுவாள்),
காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில்,
அலமாரி திறக்காவிட்டால் எங்கே தட்டுவது.
தாலின் நகரத்தில் டிராம் ஓட்டுகிறான் என் கொழுந்தன்.
"தினமும் ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிறேன்,
இவள் ஒருத்தி" என்று
தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டான்.
படிக்க மாட்டான் என்று அப்போதே தெரியும்.

ஹியுமா தீவுக்குக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம்.
டாவெட்டும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து
பட்டாணி சூப் குடித்தோம்.
ஏழு மாதமாகச் சூடான எதையும்
சூட்டோடு நான் குடித்ததில்லை.
நாக்கு பொசுங்கியது. சொல்லவில்லை.

பேச நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தோம்.
முதல் அரை மணி நேரம்
மிர்தெலின் ஆய் என்ன நிறம் என்று பேசினோம்.
"வேறு ஏதாவது" என்றான் அவன்.
"ம்" என்றேன்.
கண்ணாடிக்கு வெளியே ஒரு கடற்காகம்
கப்பலின் வேகத்துக்கே பறந்து
ஒரே இடத்தில் நின்றது.

விடுதியில், இரவு பதினொரு மணிக்கு,
மார்பு கல்லானது.
குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து
பம்பைப் போட்டேன்.
கர்ர் புஸ், கர்ர் புஸ்.
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.
டாவெட் எழுந்து போய்
அதே மரியாதையோடு திருப்பித் தட்டினான்.
சிரித்ததில் கொஞ்சம் சிந்தியது.
மீதி நூற்றிருபது மில்லி.
தொட்டியில் கொட்டக் கை வரவில்லை.
அவன் ஜன்னலைத் திறந்து
உறைபனி மூடிய தகரக் கூரைமேல்
பாட்டிலை நிறுத்தி வைத்தான்,
யாரோ வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பது போல.

சனிக்கிழமை தூங்கினோம்.
கலங்கரை விளக்கத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தோம்,
போகவில்லை.
தூங்கி எழுந்து சாப்பிட்டுத் தூங்கினோம்.
மாலையில் நீராவிக் குடிலில்
வெந்த கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டு
என் அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்து
"வலிக்கிறதா" என்றான்.
"ஈர நாளில் மட்டும்."
அதைக் கிழித்த அறையில்
என் தலைமாட்டில் நின்றவன்தான்.
ஆனாலும் அன்றைக்குத்தான் கேட்டான்.

ஞாயிறு காற்று.
துறைமுகக் கூண்டிலிருந்த பெண்
தலை நிமிராமல் சொன்னாள்:
கப்பல் இல்லை, நாளைக் காலை ஆறரைக்கு.
"ஐயோ" என்றேன் நான்.
"அடடா" என்றான் அவன்.
பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும்.
சிவந்திருந்தது.
என் காது எப்படி இருந்ததோ.
காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை
இரண்டு பேரும் முகத்தை விடவில்லை.

அந்த இரவு,
கடனில்லாமல் கிடைத்த அந்த ஓர் இரவு,
இரண்டு மணிக்குக் கண் திறந்துகொண்டது.
பக்கத்தில் அவனும் விழித்துக் கிடந்தான்.
அவள் அழும் நேரம் அது.
ஒன்றும் பேசாமல்
அழுகை முடிகிற நேரம்வரை காத்திருந்துவிட்டு
திரும்பிப் படுத்தோம்.

திங்கள் பகல் வீட்டுக்கு வந்தால்
மிர்தெல் என்னைப் பார்த்தாள்,
பார்த்துவிட்டு ரிஹோவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.
நான்கு நிமிடம். கடிகாரம் பார்த்தேன்.
"நல்லபடி இருந்தாள்" என்றான் ரிஹோ,
"விசேஷமாக ஒன்றுமில்லை."
தாளைத் திருப்பிக் கொடுத்தான்.
பிரிக்கவே இல்லை. ஒரு மூலை மட்டும்
ஊறி, நைந்து, அதில் குண்டூசி அளவுக்கு ஓர் ஓட்டை.

கோபம் தணிந்து மடிக்கு வந்தாள்.
ஆசையாகக் குடித்தாள்.
பிறகு கடித்தாள்.
கத்தப் போனவள் வாயை மூடிக்கொண்டு
ரிஹோவைப் பார்த்தேன்.
அவன் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான்,
ஒரு ஷூவுக்கு அவ்வளவு நேரம்.

டாவெட் சமையலறையில் பை பிரிக்கிறான்.
அவனிடம் சொல்லவில்லை.
அவனே விரலை வைக்கட்டும்.